இரண்டு புள்ளி வைத்த போல்ட்

முப்பத்தொரு போல்ட்டுகளில் முப்பது கழன்றுவிட்டன. ஒன்றுதான் மிச்சம்.

கழன்ற முப்பதையும் அவசரம் ஒரு தகர டப்பாவில் டீசலில் ஊறப்போட்டிருந்தார். அவசரம் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்த வேலையையும் அவர் அவசரமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்தது. ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் வீடு வாங்க வந்தவரைப் போல அதை மூன்று பக்கமிருந்தும் பார்ப்பார். தட்டுவார். காது கொடுத்துக் கேட்பார். பிறகு டீ குடிக்கப் போய்விடுவார். ஆனால் அவர் கையில் முறிந்த போல்ட் குறைவு. அதனால்தான் என் தந்தையின் டிராக்டரை அவரிடம் கொடுத்தேன்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் முதலில் வந்த டிராக்டர் அது. இருபத்தாறு வருடமாக எங்கள் கொட்டகையில் நின்றது. விவசாயிகள் சங்கம் புதுக் கட்டடம் கட்டியபோது, வாசலில் அதை நிறுத்தி என் தந்தையின் பெயரில் ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்டார்கள். சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வண்டி தன் சொந்த இன்ஜினில் ஓடித்தான் அங்கே போய் நிற்கும். எங்கள் வீட்டுப் பொருள் எதையும் கயிறு கட்டி ஊரார் முன் இழுத்துப் போனதில்லை. அந்த டிராக்டரை மட்டும் ஒருமுறை இழுத்து வந்தார்கள். இன்ஜின் நின்றுபோன நாளில்.

பலகைக்கான வாசகத்தை நானே எழுதினேன். எட்டு வரி. ஆறாவது வரி இது: 'குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரின் கவனக்குறைவால் இதன் இன்ஜின் பழுதடைந்து நின்றது.' வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் கைக்கு வர வேண்டும் என்று பெயின்டர் சொல்லியிருந்தார். அந்த 'ஒருவர்' யார் என்று பலகையில் பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை. படிக்கிற எல்லோருக்கும் தெரியும். என் தங்கையின் கணவர்.

என் தந்தை வேலை செய்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வைத்து ஒரு தட்டு தட்டுவார். சிறு புள்ளி விழும். ஒரு புள்ளி என்றால் அவர் முறுக்கியது. இரண்டு என்றால் நான். தங்கையைக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையும் எங்களோடு வேலைக்கு வந்த பிறகு அவருக்கு மூன்று. "எவன் முறுக்கினானோ அவன் பதில் சொல்லணும்" என்பார். வீட்டில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. நான் முறுக்கியது எதுவும் தானாக ஒருநாளும் தளர்ந்ததில்லை. என் கைக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

அன்று நடந்தது இது. முந்தின நாள் மாப்பிள்ளை எண்ணெய் மாற்றினார். மறுநாள் காலை சுமையேற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினோம். நுனியில்கூட ஈரமில்லை. எண்ணெய் வடிக்கும் திருகில் மூன்று புள்ளி பளிச்சென்று இருந்தது. "ஏழு லிட்டர் ஊத்தினேன்" என்றார் அவர். "ஏழு ஊத்தியிருந்தா எங்க போச்சு? ஆவியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் முற்றத்தில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். "இது வெளியிலிருந்து வந்த கை. எங்க ரத்தத்துல இந்த அலட்சியம் கிடையாது" என்று எல்லோர் முன்னும் சொன்னேன். என் தந்தை ஒன்றும் பேசவில்லை.

மாப்பிள்ளை மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு தெரு தள்ளி நோட்டுப் புத்தகம், பேனா விற்கும் கடை வைத்தார். அதன் பிறகு அவர் ஸ்பேனரைத் தொட்டதில்லை. சைக்கிளில் செயின் கழன்றால்கூட மாட்டாமல் தள்ளிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். அது அவருடைய குற்ற உணர்வு என்று நினைத்துக்கொண்டேன். குற்றம் செய்தவன் வெட்கப்படுவது நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

இனி அந்த முப்பத்தொன்றாவது போல்ட்.

ஆயில் ஃபில்டரைத் தாங்கும் இரும்புக் கூடு இன்ஜினின் பக்கவாட்டில் நான்கு போல்ட்டில் நிற்கிறது. மூன்றின் தலைகள் துருவேறி உருண்டையாகியிருந்தன. எந்த ஸ்பேனருக்கும் பிடி இல்லை. அவசரம் பைப் ரெஞ்சைப் போட்டு, பிடியில் நீளக் குழாயைச் சொருகி, முழு எடையையும் அதன்மேல் சாய்த்துத்தான் முதல் இரண்டையும் எடுத்தார். மேல் மூலையில் இருந்த மூன்றாவது, தொட்டதும் வந்துவிட்டது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, இத பாருங்க."

"என்ன?"

"குட்டை. இந்த மூலையில கூடு தடிமன். இங்க நீளமான போல்ட் போகணும். மத்த மூணு இடத்துக்குத்தான் குட்டை. இது வெறும் நாலு சுத்து மரையில தொத்திக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப நீளமானது?"

அவர் கீழ் மூலையைக் காட்டினார். ஃபில்டர் கிண்ணத்துக்கு அடியில், கறுத்த பிசுக்குக்குள் நான்காவது போல்ட் இருந்தது. காலையிலிருந்து அதுதான் அசைய மறுத்தது.

"இங்க போய் உட்கார்ந்திருக்கு. இந்தத் துளை ஆழம் பத்தாது. நுனி அடியில போய் முட்டிக்கும். முறுக்கறவன் கைக்கு நல்லா இறுகிட்ட மாதிரிதான் தோணும். ஆனா அது கூட்டப் பிடிக்கவே பிடிக்காது. சும்மா நின்னா ஒண்ணும் தெரியாது. சுமையோட மேட்டுல ஏறினா எண்ணெய் பீச்சிக்கிட்டு இந்த இடுக்கு வழியா மொத்தமும் போயிடும்."

"மொத்தமுமா?"

"ஏழு லிட்டரும்."

அந்தக் கணக்கை அவர் யோசிக்காமல்தான் சொன்னார். அந்த இன்ஜினுக்கு அதுதான் அளவு.

"அன்னிக்கு ஆயில் மாத்தினது உங்க மாப்பிள்ளைதானே? இதையும் அவர்தான் மாட்டியிருப்பார் போல" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று எண்ணெய் மாற்றும்போது, கூட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசியாமல் வைக்கும் பேக்கிங் கிழிந்திருந்தது. புதுப் பேக்கிங்கை அட்டையில் வெட்டியவன் நான். கூட்டை மாட்டியவனும் நான். மறந்துபோயிருந்தேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. அவரைச் சொல்லி முடித்துவிட்டோம், அவ்வளவுதான்.

அவசரம் சாப்பிடக் கிளம்பினார். "வந்து தலைய வெட்டி எறிஞ்சுடறேன் ஐயா. தலை போனா கூடு வெளிய வந்துடும். மிச்சத் தண்ட பைப் ரெஞ்சுல கவ்வி எடுத்துடலாம். கட்டிங் வீல் வச்சா ரெண்டு நிமிஷம்." அது சரியான வழிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் போனதும் கம்பி பிரஷ்ஷை எடுத்து அந்தத் தலையைத் தேய்த்தேன். மற்ற மூன்றிலும் இருந்த குறியைத் துரு தின்றுவிட்டது. இதை எண்ணெய்ப் பிசுக்கு காப்பாற்றி வைத்திருந்தது. முதலில் பிசுக்கு போனது. பிறகு பழைய பெயின்ட். பிறகு இரும்பு தெரிந்தது. இரண்டு புள்ளி.

தந்தையின் சாமான் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. சென்டர் பஞ்ச்சை எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. கையில் இருந்தது. இரண்டு புள்ளி மூன்று ஆவதற்கு ஒரு தட்டு போதும். புதுப் புள்ளி பளபளக்கும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இரண்டு நாளில் அதுவும் துருவேறிப் பழசாகிவிடும். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"என்னங்க, சாப்பாடு ஆறுது."

மனைவி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"வரேன்."

"பஞ்ச் எதுக்கு? போல்ட் இன்னும் வரவே இல்லையே."

"சும்மா எடுத்தேன்."

"சும்மா எடுக்கிற சாமானா அது? அந்தப் பெட்டிய நான் துடைக்கப் போனாலே ஊரக் கூட்டுவீங்க."

அருகில் வந்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்துமூன்று வருடம். எங்கள் குறிகள் அவளுக்கும் தெரியும்.

"ரெண்டு" என்றாள்.

சோறு பரிமாறினாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"அவ வீட்டுக்கு நீ போறதுண்டா?"

"உங்க தங்கச்சி வீட்டுக்கா? மாசம் ரெண்டு தடவை."

"எனக்குத் தெரியாமயா?"

"ஏன் தெரியாம? செருப்ப மாட்டிக்கிட்டு உங்க கண்ணு முன்னாடிதான் போறேன். எங்க போறேன்னு நீங்க கேட்டதே இல்ல."

"அவர் என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்லமாட்டார். ஒரு தடவை மட்டும் கேட்டார். 'அக்கா, ஒருவேளை நான் ஆறுதான் ஊத்தினேனோ? எண்ணும்போது தப்பிடுச்சோ?'ன்னு. மாமனாரே அன்னைக்கு வாயத் திறக்கலையே, அப்ப தப்பு என்னோடதாத்தான் இருக்கும்னார்."

அவர் பொய் சொல்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் தன்னையே நம்பாமல் போயிருப்பார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இருந்தாலும் எழுந்து போய் உடனே எதையும் சொல்லிவிடவில்லை. மூன்றாவது புள்ளி வைப்பது கள்ளக் கையெழுத்து. அதைச் செய்யமாட்டேன் என்று கை கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் தலையை வெட்டுவது அப்படியில்லை. மெக்கானிக் சொன்ன வழி. முறையான வழி. நான் பொய் எதுவும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பொறி பறக்கும், தலை விழும், வெள்ளிக்கிழமை எட்டு வரியும் பெயின்டருக்குப் போகும். குடும்பத்தின் மூத்தவன் பெயர் சந்தியில் வராது. அதுவும் ஒரு பொறுப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவசரம் வந்தார். கண்ணாடியை மாட்டினார். வீல் சுற்றத் தொடங்கியது. தலையின் ஓரத்தில் பட்டதும் பொறி பறந்தது. வீல் இரண்டு புள்ளிக்கும் ஒரு நூல் தள்ளி இருக்கும்போது சட்டென்று நின்றது.

"கரன்ட் போயிடுச்சா?" என்றார் அவசரம்.

"நான்தான் அணைச்சேன்."

திரும்பிப் பார்த்தார். நான் சுவிட்ச் அருகில் நின்றிருந்தேன்.

"ஏங்க ஐயா?"

"தலை வேணும்."

"தலைய வச்சு என்ன பண்ணப் போறீங்க? கண்ணாடி போட்டு மாட்டவா?"

"முழுசா வேணும். முறியக் கூடாது."

"இருபத்தாறு வருஷத் துரு. அடியில வேற முட்டிக்கிட்டு நிக்குது. நான் சொன்னா அது கேக்குமா?"

"நான் முறுக்கினது. நானே எடுக்கறேன்."

அவர் வீலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டப்போ 'இருக்கும்'னு சொன்னீங்களே."

"தப்பா சொன்னேன்."

"சரி" என்றார். "அப்ப உட்காருங்க. இது இன்னிக்கு முடியற வேலை இல்ல."

இரண்டு நாள் ஆனது. தலையைச் சுற்றிச் சுத்தம் செய்து, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டோம். கால் மணிக்கு ஒரு முறை சின்னச் சுத்தியால் தலையைச் சுற்றித் தட்டினேன். ஓங்கி அடிக்கக் கூடாது. கதவைத் தட்டுகிற மாதிரி. ஒரு இரவு ஊறவிட்டோம். மறுநாள் கேஸ் டார்ச்சால் போல்ட்டைச் சுற்றியிருந்த இரும்பைச் சூடாக்கினோம். போல்ட்டைச் சூடாக்கினால் அது உப்பிக்கொள்ளும். சுற்றியிருப்பது சூடானால்தான் வழி விடும். சூட்டில் மெழுகுவத்தியை வைத்ததும் மெழுகு உருகி, யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவதைப் போல மரைக்குள் இறங்கியது. மூன்று முறை சூடு, மூன்று முறை மெழுகு. நான்காவது முறை ரிங் ஸ்பேனரைப் போட்டேன்.

"முதல்ல இறுக்குங்க" என்றார் அவசரம்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. உங்க கை இறுக்கறதுல பேர் போனதாச்சே."

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வாங்கிக்கொண்டேன். ஒரு மயிரிழை இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். துரு விட்டது. பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி வெளியே. பன்னிரண்டு நிமிடம். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசி மரை விட்டபோது அது கையில் கனமாக, சூடாக விழுந்தது. நுனி முட்டி முட்டித் தட்டையாகியிருந்தது. தலையில் ஓரம் ஒரு வெட்டு. நடுவில் இரண்டு புள்ளி.

துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு தெருவையும் நடந்தேன். சட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்று பாதி வழியில்தான் தோன்றியது.

கடையில் அவர் தனியாக இருந்தார். பென்சில் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் எழுந்து நின்றார்.

"வாங்க மச்சான்."

துணியைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவர் எடுத்தார். பழகிய கை. நீளத்தை விரலாலேயே அளந்தார். நுனியைத் தடவினார். கடைசியாகத் தலையைத் திருப்பினார்.

"ஃபில்டர் கூடு?"

"கீழ் மூலை."

"குட்டை இருக்க வேண்டிய இடம்."

"ஆமா."

அவர் போல்ட்டை மேசையில் தலைகீழாக நிறுத்தினார். அது விழாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு லிட்டர்தான் ஊத்தினேன் மச்சான்."

"ஊத்தினீங்க மாப்பிள்ளை."

"அன்னைக்கும் சொன்னேன்."

"சொன்னீங்க. தப்பு என்னோடது."

அவர் உள்பக்கம் திரும்பி, "இங்க வா. கேட்டியா? ஏழுதானாம்" என்றார். பென்சில் பெட்டியை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார். அளவு மாற்றி அடுக்கினார்.

தங்கை ஈரக் கையோடு வந்தாள். போல்ட்டைப் பார்த்தாள். புள்ளியைப் பார்த்தாள். அவள் எங்கள் வீட்டுப் பெண். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அண்ணா, இத சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

"இங்க, கடைக்குள்ள, நாங்க ரெண்டு பேர் மட்டும் கேக்கவா?"

"வேற எப்படிச் சொல்லணும்?"

"அன்னைக்கு முற்றத்துல பதினஞ்சு பேர் முன்னாடி சொன்னியே, அப்படி. பழியக் கட்டறப்போ ஊருக்கே கேக்கற மாதிரி, அவுக்கறப்போ காதோடயா?"

"விடும்மா" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க விட்டு விட்டுத்தான் இருபத்தாறு வருஷம் போச்சு. நான் விடல."

அவளுடைய முதுகு நேராக இருந்தது. அது எங்கள் வீட்டு முதுகு. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டது முறைதான். குடும்ப மானம் என்று நான் காத்தது என் ஒருவனுடைய மானத்தை மட்டும்தான் என்பது அவள் எதிரில் நின்றபோது தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பெயின்டரிடம் வாசகத்தைக் கொடுத்தேன். ஆறாவது வரியை மாற்றியிருந்தேன்: 'ஆயில் ஃபில்டர் கூட்டை மூத்த மகன் தவறாக மாட்டியதால் இதன் இன்ஜின் நின்றது. எண்ணெய் மாற்றியவர் மீது எந்தப் பிழையும் இல்லை.' பெயின்டர் இரண்டு முறை படித்தார்.

"மூத்த மகன்னா நீங்கதானே?"

"எழுத்துப் பிழை எதுவும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுதுங்க."

இன்ஜினை மறுபடி பூட்ட ஐந்து வாரம் ஆனது. கூட்டை மாட்டும் நாளில் தங்கையும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று முற்றத்தில் நின்றவர்களில் உயிரோடிருப்பவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் நானே வீடு வீடாகப் போய் அழைத்திருந்தேன். போல்ட்டைக் கையில் உயர்த்திக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான்கு வாக்கியம்தான்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். நான்கு புது போல்ட்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் வெறும் விரலால் இறக்கி, வெளியே எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மச்சான்" என்றார்.

தள்ளி நின்றேன். அவசரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். முறுக்கி முடித்ததும் மாப்பிள்ளை கையை நீட்டினார். தந்தையின் பஞ்ச்சை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான்கு தலையிலும் மூன்று மூன்று புள்ளி.

பிறகு எண்ணெய். புனலை நான் பிடித்தேன். அவர் ஊற்றினார். ஒவ்வொரு லிட்டர் இறங்கியதும் தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை என் மனைவியின் பக்கத்தில் நின்றிருந்தாள். நாலு. அஞ்சு. ஆறு.

கடைசி டப்பாவைச் சரித்தபோது அவர் எண்ணவில்லை. எண்ணெய் முழுவதும் இறங்கி, கடைசிச் சொட்டும் விழும்வரை காத்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏழு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.